கழற்றி மாட்டும் மேசை

1978ஆம் வருஷம், ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிஷம். வானத்தில் மேகம் இல்லை. ஆனால் மேல்காற்று தொடங்கிவிட்டது. பாலக்கரைத் தெருவில் புழுதியும் பஸ் டிக்கெட்டுகளும் முழங்கால் உயரத்துக்குப் பறந்துகொண்டிருந்தன. வெயில் தொண்ணூற்றொன்பது டிகிரி என்று மறுநாள் பேப்பரில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில்தான் அந்த டிரெய்லரை முதல் தடவையாகப் பார்த்தேன்.

பாலக்கரையில் என் நண்பர் ஒருவர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டும் ஷெட் வைத்திருந்தார். கல்லூரியில் நாலு வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். கத்தோலிக்கர்; சர்ச்சுக்கு எதிர்ச் சந்தில் வீடு. நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்த வைஷ்ணவன் என்பதால் அன்றிலிருந்து இன்றுவரை நான் அவருக்கு 'ஐயங்காரே'தான். என் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

ராணுவத்தில் கழித்துக்கட்டிய ஜீப் டிரெய்லர் ஒன்றை அவர் ஏலத்தில் எடுத்திருந்தார். அதன் மேல் தேக்குச் சட்டம் அடித்து, அலுமினியத் தகடு போர்த்தி, இரண்டு சக்கரத்தில் ஒரு வீடு கட்டிவிட்டார். பின்னால் கதவு, பக்கத்துக்கு இரண்டாக நாலு ஜன்னல், ஜன்னலுக்கு பஸ் ஷட்டர். நான் உள்ளே குனிந்து நுழைந்தேன். வெளியே அனல். உள்ளே புது மரத்தின் வாசனை. ஷட்டர் இடுக்கு வழியாக வந்த வெயில் பெஞ்சின் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. வீடு என்றால் அஸ்திவாரம் என்று நினைத்திருந்தவன் நான். கே.கே. நகரில் என் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது பதினொரு நாள் தூங்காதவன். கடைக்காலே இல்லாத வீடு ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறோம், இதை ஒரு ஜீப் இழுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகும் என்று நினைத்தபோது எனக்கு உள்ளே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து வலது பக்கத்து ரிவெட்டுகளை எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு. ஒன்றுகூடக் கோடு தவறவில்லை.

ஆகஸ்ட் 28ஆம் தேதி குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இதில் போகப்போகிறார். கடற்கரையில் நிறுத்திப் பத்து நாள் தங்கப்போகிறார். எல்லாம் முடிந்துவிட்டது, மேசை ஒன்றுதான் பாக்கி என்றார். தொழிற்சாலை டிராயிங் ஆபீசில் கோடு போட்டுப் பிழைக்கிறவன் நீதானே, மேசையை நீ போட்டுக் கொடு என்றார். உள்ளே இடம் எவ்வளவு என்று அப்போதே டேப் வைத்தேன். நீளம் ஏழு அடி. அகலம் நாலரை அடி. உயரம் ஐந்தேகால் அடி. இரண்டு பக்கமும் பதினெட்டு அங்குல பெஞ்சு, நடுவே பதினெட்டு அங்குல வழி. மேசை போட்டால் நடக்க முடியாது, நடக்க விட்டால் மேசை போட முடியாது. ஆகவே கழற்றி மாட்டுகிற மேசைதான்.

அளந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது.

அக்கா பதினாறு வயதில் கல்யாணமாகி, 1949 செப்டம்பர் 2ஆம் தேதி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதியிலேயே நாலு வீடு தள்ளிப் புகுந்த வீடு போனாள். அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவர்கள் வீட்டுப் பெருமாள் ஒரு சாளக்கிராமம். எலுமிச்சம்பழம் அளவு, கறுப்பு. பெட்டி மாதிரி இருக்கும் ஒரு சிறிய மரச் சந்நிதியில் எழுந்தருளியிருப்பார். அதற்குக் கோயிலாழ்வார் என்று பெயர். தினம் காலையில் பெருமாளுக்குத் திருமஞ்சன நீராட்டு, திருவாராதன பூஜை, அக்கா கையால் தளிகைச் சமையல். பெருமாளுக்குக் காட்டின பிறகுதான் மனிதர்களுக்குச் சாப்பாடு. ஒரு நாளும் தவறக் கூடாது. ஊருக்குப் போகிறவர்கள் பெருமாளைப் பங்காளி வீட்டில் விட்டுவிட்டுப் போவதுண்டு, அத்திம்பேர் விடமாட்டார். கூட எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பஸ்ஸிலும் ரயிலிலும் நாலு பேர் செருப்பு படுகிற இடத்தில் வைக்க அவருக்கு மனம் வராது, சத்திரத்தில் யார் என்ன சமைத்த அடுப்போ அதைத் தொடவும் மாட்டார். பதவி உயர்வு இரண்டு தடவை வந்தது. ஒன்று தஞ்சாவூருக்கு, ஒன்று கரூருக்கு. இரண்டையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் அக்காவைத் தடுத்ததில்லை. நீ போய்வா என்றுதான் சொல்லுவார். அக்கா போனால் தளிகைக்கு ஆள் இல்லை. வேறு கையால் அவர் சாப்பிட மாட்டார். ஒரு தடவை என் மனைவியோடு சேதுவுக்குப் போகப் பையில் புடவை எடுத்து வைத்தாள். மறுநாள் காலையில் அதே புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை, கடலைப் பார்க்க வேண்டும். குழந்தை இல்லை, நகை கேட்டதில்லை, சினிமா கேட்டதில்லை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே பிறந்து அந்தத் தீவிலேயே நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டது. இந்தத் தண்ணீரெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு நாள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பாள். சேதுக்கரையில் ஒரு முழுக்குப் போட்டால் புண்ணியம் என்பது அத்திம்பேரைச் சம்மதிக்க வைக்க அவள் சொல்லும் காரணம். எனக்குத் தெரியும், அவளுக்கு வேண்டியது கடல்.

பெருமாளோடு அவர்களை இந்த வண்டியில் கடலுக்கு அனுப்பலாமா என்று நண்பரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சுவரில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இருபத்தெட்டாம் தேதிக்குள்ள உங்க பெருமாள் போயிட்டு வந்துடுவாரா, ஐயங்காரே?"

வந்துவிடுவார் என்றேன்.

"அப்ப முதல்ல அவரு போகட்டும். எங்க மீன் குழம்பு அதுக்கப்புறம் வண்டியில ஏறிக்கும்."

தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையில், வெளிநாட்டுப் படப் பத்திரிகை ஒன்றில் இப்படிப்பட்ட டிரெய்லருக்கான மேசைப் படம் கிடைத்தது. அதைப் பார்த்து நான் பிரமித்துப்போனேன் என்றால் மிகையில்லை. ஒரே ஒரு கால். அது இரும்புக் குழாய். தரையில் ஒரு குவளை, பலகையின் அடியில் ஒரு குவளை. குழாயைச் செருகி மூன்று சுற்றுத் திருகினால் மேசை. ராத்திரி குழாயை உருவிவிட்டு, பலகையை இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் படுக்க வைத்தால் பெஞ்சும் பலகையும் சேர்ந்து கட்டில். பகலில் எழுதலாம், சாப்பிடலாம், ராத்திரி அதன் மேலேயே தூங்கலாம். ஒரு பலகைக்கு மூன்று வேலை. இதைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தேன். முக்கால் அங்குல ப்ளைவுட், மேலே வெள்ளைத் தகடு ஒட்டி, ஓரத்துக்குத் தேக்கு ரீப்பர் பட்டை. குவளைக்குப் பூண்கள் நண்பரின் லேத்தில் கடைந்தவை. பதினாறு திருகாணி. ஒவ்வொன்றின் தலையையும் ஒரே திசையில் நிறுத்தினேன். நண்பர் வந்து பார்த்துவிட்டு, பத்து வருஷத்துக்கு அப்புறம் இதைக் கழற்றுகிறவன் உன்னை நினைத்துக்கொள்வான் என்றார். நல்லபடியாகவா என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லை.

ஜூலை 9ஆம் தேதி அக்காவையும் அத்திம்பேரையும் ஷெட்டுக்கு அழைத்து வந்தேன். அத்திம்பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். குனிந்தபடியே நாலு மூலையையும் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, புதுசு, யாரும் புழங்கவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அக்கா கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். நான் குழாயைச் செருகித் திருகி, பலகையைப் பொருத்திக் காட்டினேன். பெருமாள் இதிலே ஏளியிருப்பாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையால் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவருடைய தலையாட்டல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பது விநாடியில் மேசையைக் கழற்றினேன். பலகையைப் பெஞ்சுகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். அதன் மேல் நானே மல்லாந்து படுத்து, ராத்திரிக்கு இதுவே கட்டில் அத்திம்பேர் என்றேன்.

அவர் என் நீட்டின காலைப் பார்த்தார். காற்றில் ஷட்டர் ஒன்று தடதடத்தது. பிறகு, கோபமே இல்லாமல், புரிந்துகொள்ளத்தான் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"கார்த்தால பெருமாள் ஏளியிருந்த பலகை. ராத்திரி அதும்மேல நான் காலை நீட்டிண்டு படுத்துக்கணும். அப்படித்தானே சொல்றே?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். அதே தெருவில் பிறந்தவன். அப்பா திருவாராதனம் பண்ணும்போது பத்து வயதுவரை கை கட்டி நின்றவன். சந்நிதிக்கு நேராகக் கால் நீட்டினதற்கு முட்டியில் அடி வாங்கியவன். ஒரு மாதம் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்திருக்கிறேன். ஒரு விநாடிகூட இது எனக்குத் தோன்றவில்லை. பதினாறு திருகாணியின் தலையை நேராக்கத் தெரிந்தது.

அத்திம்பேர் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். சிரமப்பட்டிருக்கே, நன்னா இருக்கு, இது மனுஷாளுக்குச் சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அக்கா என்னைப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போனாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நண்பர் என் பக்கம் வந்தார்.

"எங்க கோயில்ல பீடத்து மேல ஏறி யாராவது தூங்குவாங்களாய்யா? எனக்கே இப்பத்தான் உறைக்குது. உனக்கு உறைக்க வேணாம்?"

இரண்டாவது பலகை ஒன்று போட்டால் என்ன என்று வீட்டுக்குப் போய்ப் படம் வரைந்தேன். போட இடமில்லை. பெஞ்சின் மேல் வைக்கலாமென்றால் பெஞ்சு உட்காருகிற இடம். அடியில் வைக்கலாமென்றால் அது காலுக்குக் கீழே. கதவில் மடித்து வைக்கலாமென்றால் கதவு ஆடும். அந்த வாரத்தில் ஏழு படம் போட்டு ஏழையும் கிழித்தேன். நாள் போய்க்கொண்டிருந்தது, இருபத்தெட்டாம் தேதி வந்துகொண்டிருந்தது. அக்காவைப் பார்க்கப் போகவே பயமாக இருந்தது.

ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, போனேன். அத்திம்பேர் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா மடியாக இருந்தாள், யாரும் தொடக் கூடாது, அடுப்படி வாசலுக்கு வெளியே நின்றுதான் பேச முடியும். நான் என் கஷ்டத்தையெல்லாம் சொன்னேன்: குழாயின் குவளை தரையில் இருக்கிறது, தரை எல்லோரும் மிதிக்கிறது, காலுக்கு எங்கே இடம் பண்ணுவது என்று. அவள் கஞ்சி வடித்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"கால் எதுக்குடா அதுக்கு? கோயில்ல பெருமாள் ஊஞ்சல்ல ஏளியிருக்கார். அதுக்குக் கால் இருக்கா?"

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வடிகிற கஞ்சியின் ஆவி அவள் முகத்தை மறைத்தது. இருபத்திரண்டு வருஷம் டிராயிங் போர்டில் குனிந்தவன் நான். எல்லா மேசையையும் கீழிருந்து மேலே கட்டிப் பழக்கம். மேலேயிருந்து கீழே கட்டலாம் என்று ஒருத்தி வேஷ்டித் துணியால் வெண்கலப் பானையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். என்னடா பேச்சையே காணோம், எண்ணிண்டிருக்கியா என்று கேட்டாள். ஆமாம், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கூரையில் சட்டம் எத்தனை, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று.

கூரையில் குறுக்குச் சட்டம் ஐந்து. முன்பக்கத்துச் சட்டம் இரண்டில் நாலு கொக்கி. நாலு சங்கிலி. பலகை பதினெட்டுக்கு இருபத்துநாலு. பகலில் தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலத்தில் தொங்கும். அத்திம்பேர் நடுவழியில் மணை போட்டு உட்கார்ந்தால் பெருமாள் அவர் மார்புக்கு நேரே. ராத்திரி சங்கிலியைச் சுருக்கி மாட்டினால் பெருமாளோடு பலகை கூரைக்கு அருகே போய்விடும். தலை முன்பக்கம், கால் கதவுப் பக்கம். யார் காலும் படாது, யார் தலையும் மேலே இராது. வண்டி ஓடும்போது பலகையைக் கழற்றித் துணியில் சுற்றிவிடலாம். நண்பர் படத்தைப் பார்த்தார். இதை யார் சொன்னது என்று கேட்டார். அக்கா என்றேன். அவர்களை என் ஷெட்டுக்கு அனுப்பு, உனக்குக் கொடுக்கிற மரியாதையை அவர்களுக்குக் கொடுக்கிறேன் என்றார்.

பலகை பலாமரமாக இருக்க வேண்டும் என்று அத்திம்பேர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். அதிலிருந்தே அவர் கதவை முழுக்கச் சாத்தவில்லை என்று தெரிந்துகொண்டேன். மூன்று மரக்கடை ஏறி இறங்கி, ஒட்டுப் போடாத பதினெட்டு அங்குல அகலத்தில் ஒரே ஒரு பலகை கிடைத்தது. நண்பர் இழைப்புளியை அவரே கையில் எடுத்தார். முதல் சுருள் விழுந்தபோது உள்ளே தெரிந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்து இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டோம். அரைத்த மஞ்சளை அப்போதுதான் பூசினது போல இருந்தது. மரத்துக்குள்ளே இருட்டில் எத்தனை வருஷம் இந்த நிறம் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும் என்று வளையங்களை எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தேழில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

சங்கிலி பெரிய கடைவீதியில் வாங்கினேன், பித்தளை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் வாங்கிய சாமான் அது ஒன்றுதான். மாட்டிப் பார்த்தால் ஒரு மூலை தூக்கி நின்றது. மரம் சாய்வா, கொக்கி சாய்வா, வண்டியே சாய்வா என்று இரண்டு மணி நேரம் நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன். கடைசியில் வளையங்களை எண்ணினேன். மூன்று சங்கிலியில் ஐம்பத்துநாலு. ஒன்றில் ஐம்பத்துமூன்று. நண்பர் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டுமே. பலகையின் மேல் எதையும் வைக்க எனக்கு மனமில்லை. நண்பர் அதன் பக்கமாக நகர்ந்தபோது பதறிக் கையைப் பிடித்தேன். பயப்படாதே, உட்கார மாட்டேன் என்றார். பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கொக்கிகளில் கயிறு போட்டு மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கியது. சட்டம் முனகக்கூட இல்லை.

அத்திம்பேர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். முதலில் ஒரு ராத்திரி, பக்கத்திலே எங்கேயாவது. காலையில் ஆராதனம் வீட்டில் நடக்கிறபடி ஒன்றும் குறையாமல் நடக்க வேண்டும். நடந்தால் சேதுவைப் பற்றிப் பேசலாம். ஒரு சொட்டு சிந்தினாலும், ஒன்றைச் சுருக்க வேண்டி வந்தாலும், அத்தோடு சரி. அதற்கப்புறம் யாரும் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சரி என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உத்தர வீதியில், டிரெய்லரை இழுத்துக்கொண்டு, நண்பர் ஓட்டிய ஜீப் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. அத்திம்பேர் கோயிலாழ்வாரை மார்போடு அணைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். நானும் அக்காவும் பின்னால். நான் டயரை மூன்று தடவை உதைத்துப் பார்த்தேன். அக்கா அந்த வீட்டில் 10,564 ராத்திரி தூங்கியிருக்கிறாள். லீப் வருஷம் ஏழையும் சேர்த்த கணக்கு. இன்றுதான் வெளியே. காவிரிப் பாலம் தாண்டி, கரூர் ரோட்டில் வாழைத்தோட்டங்கள் ஓரமாக, மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போகாமல், ஆறு மணிக்கு முக்கொம்பு போய்ச் சேர்ந்தோம். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம். ஆடி மாசம், மதகு வழியாகத் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜீப்பில் நண்பர் தூங்கினார், நான் தூங்கவில்லை.

நான் பயந்தது காற்றுக்கு. ஆடிக்காற்று விடியற்காலையில் கொஞ்சம் அடங்கும் என்று நம்பியிருந்தேன். அடங்கவில்லை. அத்திம்பேர் ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வரும்போது அது அவர் காலை விட்டு நேர் பக்கவாட்டில் பறந்தது. அக்கா மரத்துக்கு மறைவில் குமுட்டி அடுப்பைப் பற்றவைத்துத் தளிகை முடித்திருந்தாள். ஐந்து நாற்பதுக்கு அவர் உள்ளே மணையில் உட்கார்ந்தார். அக்கா பெஞ்சு ஓரமாக நின்றாள். நான் கதவுக்கு வெளியே, தரையில். பலகை இருபத்திரண்டு அங்குலத்தில் நின்றது. அதன் மேல் கோயிலாழ்வார், முன்னால் ஐந்து சின்ன வட்டிலில் விளிம்புவரை தீர்த்தம். தண்ணீர் இவ்வளவு வேண்டாம், முக்கால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் விளிம்புவரைதான். சொல்லவில்லை.

நான் வழக்கம்போல் எண்ண ஆரம்பித்தேன். உத்தரணிக் கரண்டியால் அவர் எடுத்துச் சேர்க்கிற தீர்த்தம் ஒவ்வொன்றையும். முப்பத்தொன்றுவரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. அது வருவது முதலில் மரத்தில் கேட்டது. பிறகு வண்டியின் பக்கவாட்டில் அறைந்தது. வண்டி தன் ஸ்பிரிங் வில்லுகளின் மேல் சாய்ந்து, திரும்பி, மறுபடி சாய்ந்தது. சுவரில் மாட்டியிருந்த பூஜை மணி தானாகக் கிணுங்கியது. அக்கா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அத்திம்பேர் ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டார். அவர் உடம்பு இந்தப் பக்கம் ஒரு விரல்கடை, அந்தப் பக்கம் ஒரு விரல்கடை போய்வந்தது.

பலகை நின்றது. கூரை போய் வந்தது, சுவர் போய் வந்தது, சங்கிலியின் மேல்முனை கூரையோடு போய் வந்தது. நாலு சங்கிலியின் கீழ்முனையில், மஞ்சள் பலகையின் மேல், அந்தக் கறுப்புக் கல்லும் ஐந்து வட்டிலும் இருந்த இடத்திலேயே இருந்தன. விளிம்பில் தண்ணீர் நடுங்கியது, வழியவில்லை. எங்கள் எல்லோரையும் காற்று ஆட்டிக்கொண்டிருக்க, ஆடுவதற்கென்றே கட்டப்பட்ட ஊஞ்சல் ஒன்றுதான் அங்கே ஆடாமல் இருந்தது.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தொங்குகிற பாரம் தன் இடத்தை விட்டுச் சீக்கிரம் நகராது. கூரை ஒரு பக்கம் போவதற்குள் மறுபக்கம் திரும்பிவிடுகிறது. முதல் வருஷப் பாடம். தாளில் எழுதிக் காட்டச் சொன்னால் பத்து வரியில் காட்டுவேன். ஆனால் அன்று அந்தப் பத்து வரியும் எனக்கு உதவவில்லை. நான் எப்போது எழுந்து நின்றேன், எப்போது கை கூப்பினேன் என்று தெரியாது. எண்ணிக்கை போய்விட்டது. பக்கத்தில் நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போது வந்தார் என்பதும் தெரியாது.

அத்திம்பேர் வட்டில்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, ஐந்தையும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு அட்சரம் சுருக்கவில்லை. முடிய ஐம்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று, வீட்டிலும் அவ்வளவுதான்.

வெளியே வந்து எங்களுக்குத் தீர்த்தம் கொடுத்தார். நண்பருக்கு அக்கா ஒரு வாழையிலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். அவர் அதை நின்றுகொண்டே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அத்திம்பேர் சாப்பிட்டு, கை அலம்பிக்கொண்டு, மதகுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அக்கா படித்துறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லைதான்; ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

"சேது எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

மேப்பில் நூல் வைத்து அளந்து வைத்திருந்தேன். ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், நடுவில் ஒரு ராத்திரி தங்கினால் போதும் என்றேன். ஆவணி அவிட்டம் முடியட்டும், இருபதாம் தேதி கிளம்பலாம் என்றார். பிறகு படித்துறையைப் பார்த்துக் கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

"காதுல விழுந்துதா? அரிசி, பருப்பெல்லாம் நாலு நாளைக்கு எடுத்துக்கோ."

அக்கா திரும்பவில்லை. விழுந்தது என்று மட்டும் சொன்னாள். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த உருளியை எடுத்து மறுபடி மண் போட்டுத் தேய்த்தாள். அலம்பிக் கவிழ்த்தாள். எடுத்து மூன்றாம் தடவையும் தேய்த்தாள்.

இருபதாம் தேதி அவர்கள் கிளம்பினபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஜீப்பை நண்பர் ஓட்டினார். ஆகையால் கடலைப் பார்த்தபோது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. நண்பரைக் கேட்டால், நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், அது அவர்கள் சமாச்சாரம் என்றார். புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டேன், எப்படி இருந்தது என்று. அவள் தலைமுடியில் உப்பு வாடை போகவில்லை.

"உனக்காக அலையை எண்ணினேன்டா. இருநூத்திப் பதினாலு வரைக்கும் வந்துது. அப்புறம் தளிகைக்கு நாழியாச்சுன்னு இவர் கூப்பிட்டார்."

அதற்கப்புறமும் அலை வந்திருக்குமே என்றேன். வந்துண்டேதான் இருந்தது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ரொம்பத் தாழ்ந்துபோயிற்று, யாரோ தூங்குகிற இடத்தில் பேசுவது போல.

முதல் மேசை வேளாங்கண்ணிக்குப் போயிற்று. நண்பரின் குடும்பம் அதில் சாப்பிட்டு, அதிலேயே தூங்கியது. பலாப் பலகையும் சங்கிலியும் அக்கா வீட்டுக்கு வந்தன. நண்பர் தன் கூலியையும் கொக்கியையும் கணக்கில் சேர்க்க விடவில்லை. ப்ளைவுட், தகடு, குழாய், பதினாறு திருகாணி, பலாப் பலகை, நாலு சங்கிலி, ஒரு வளையம் குறைந்ததற்காகக் கடைவீதிக்குப் போய்வந்த பஸ் டிக்கெட் உட்பட, எனக்கு ஆன செலவு மொத்தம் நூற்று எழுபத்துமூன்று ரூபாய் முப்பத்தைந்து பைசா.